சூர்யநாராயணன் மைக் பிடித்த காலை

சூர்யநாராயணன் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரையே பேச வைத்துச் சம்பளம் வாங்கிய மனிதர், தானாக யாரிடமும் பேசியதில்லை. முடிச்சூரைத் தாண்டி, வயல் மனையாகி மனை வீடாகிப் போன ஒரு காலனியில் அவர் வீடு வாங்கியதே அமைதிக்காகத்தான். வந்த முதல் ஆடியில், பக்கத்து ஊர் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்னே பாடத் தொடங்கியது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பாட்டு நின்றது. காலனிக்கும் ஊருக்கும் இடையே பேச்சும் நின்றது. பிறகு காலனிச் சங்கம் அவரையே செயலாளர் ஆக்கியது. இவர் இருந்தால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு தாங்கல், சின்ன ஏரி. அந்தக் கரை ஒரு ஊராட்சியில், இந்தக் கரை இன்னொன்றில். இரண்டு பேருக்கும் சொந்தமானதால் இரண்டு பேரும் அதில் குப்பை கொட்டினார்கள்.

போன வருஷம் மெயின் ரோட்டில் நடந்து போன அவர் மனைவி சாவித்ரியை ஒரு பைக் தட்டிவிட்டுப் போனது. இடுப்பில் அறுவை சிகிச்சை. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். எங்கே என்று சொல்லவில்லை. ரோட்டில் இறங்க சாவித்ரிக்குப் பயம். தெருவிலோ தண்ணீர் லாரிகள். வீட்டுக்குள் சோபாவைச் சுற்றிச் சுற்றி வந்தவர், ஒரு நாள் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்திருக்கப் பிரியப்படவில்லை.

சூர்யநாராயணன் வாழ்நாளில் முதல் முறையாக, ஒன்றை நிறுத்தச் சொல்லாமல் தொடங்கச் சொல்லி மனு எழுதினார்: தாங்கல் கரையில் நடைபாதை, நிழல், உட்கார இடம். அதற்கென்று ஒரு அரசுத் திட்டமும் இருந்தது. இரண்டு ஊர் மக்களும் ஒரே இடத்தில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கரை, குப்பை பிரிக்கும் கூடத்துக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை அதிகாரி ஜீவிதா வந்தார். காலனிக்காரர்கள் விளையாட்டு ஷூ மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஊரிலிருந்து ஒருவரும் இல்லை.

“ஊர்க்காரங்க எங்க சார்?”

“வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன் மேடம். அந்த ஊர் தட்சிணாமூர்த்திக்கு ப்ளூ டிக் விழுந்திருக்கு.”

“ப்ளூ டிக்கைச் சம்மதம்னு எழுத முடியாது சார். பதினோரு மணிக்கு நான் அடுத்த ஊர்ல இருக்கணும்.”

சூர்யநாராயணன் கரை மேல் ஏறி ஊருக்குள், தட்சிணாமூர்த்தி வீட்டுக்கு நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார்.

தட்சிணாமூர்த்தி காலனி நிற்கும் நிலத்தை விற்றவர். அந்தப் பணத்தில் சிமென்ட் கடை வைத்து, அதே காலனிக்குச் சிமென்டும் விற்றவர்.

“இன்னா சார், வழி தெரியாம வந்துட்டீங்களா?”

“மெசேஜ் அனுப்பினேனே, பார்க்கலையா?”

“பாத்தேன். எனக்குச் சொன்னீங்க, ஊருக்கு யார் சொல்றது? ஒரு வூட்டுக்குச் சொல்லி இன்னொரு வூட்டுக்குச் சொல்லலன்னா எவனும் வாசப்படி தாண்ட மாட்டான்.”

“வீடு வீடாப் போக நேரமில்லையே!”

“பொதுக் காரியம்னா கோயில் மைக்ல சொல்வோம் சார். அம்மன் சந்நிதில சொன்னா மாதிரி, வராம இருக்க முடியாது. அந்த மைக்கைத்தான் நீங்க ஊமையாக்கி வெச்சுகினு கீறீங்க.”

“நீங்களே சொல்லிடுங்களேன்.”

“கூப்புடறவன்தான் சொல்லணும். அதான் மரியாதை.”

உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லியம்மாள் எட்டிப் பார்த்தார். “அந்த ஆளுக்கு வேர்த்து ஊத்துது, நீ நாயம் பேசிகினு நிக்கிற. இட்டுகினு போய்யா.”

கோயில் மைக்கில் தூசி படிந்திருந்தது. சூர்யநாராயணன் அதை ஊதித் தள்ளிவிட்டு வாயருகே கொண்டுபோனார்.

“சம்பந்தப்பட்ட பொதுமக்களுக்கு…”

“இன்னா சார், கரண்ட் கட் அறிவிப்பா? ஆளைக் கூப்புடுங்க.”

“நான் காலனி சூர்யநாராயணன் பேசறேன். ஆமா, அதே ஆள்தான்.” குரல் கோபுரத்தில் மோதித் திரும்பி வந்தது. “என் மனைவிக்கு நடக்க இடமில்ல. உங்க வீட்டுலயும் யாராவது அப்படி இருப்பாங்க. தாங்கல் கரைக்குக் கொஞ்சம் வாங்க. இப்பவே வாங்க.”

“காலனிக்குக் கேக்கல சார்,” என்று தட்சிணாமூர்த்தி ஒலியைக் கூட்டினார். “இன்னொரு வாட்டி.”

திரும்பி வந்தபோது ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. கரையில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. ஜீவிதா ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

“ரெண்டு நிமிஷம் மேடம்.”

“இதையே மூணு தடவை சொல்லிட்டாங்க உங்க ஆளுங்க.”

அப்போது கரையின் அந்த மூலையில் ஒரு குடை தெரிந்தது. அதன் பின்னால் பெண்கள். அவர்களுக்குப் பின்னால், தாங்களாக வரவில்லை என்பதுபோல் ஆண்கள். செல்லியம்மாள் நேராக வரைபடத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது நாங்க ஆடிக்குக் கூழ் காச்சுற இடம். எங்க அடுப்பு மேலயா நடக்கப் போறீங்க?”

காலனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜீவிதா கடிகாரத்தைப் பார்த்தார். சூர்யநாராயணன் வாயைத் திறந்தார். ஒலிபெருக்கி இல்லாமல் அது வேலை செய்யவில்லை.

“அடுப்பைச் சுத்திப் போகட்டுமே. எனக்கு நேரா நடக்கணும்னு யார் சொன்னது?”

குரல் பின்னாலிருந்து வந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, சாவித்ரி நின்றார்.

“நீ எப்படி வந்தே?”

“நடந்துதான். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு சத்தமா நீங்க யாரையும் கூப்பிட்டதில்லை. என்ன ஆச்சோன்னு வந்தேன்.”

செல்லியம்மாள் சாவித்ரியின் முழங்கையைப் பிடித்து ஒரு கல்லில் உட்கார வைத்தார். பாதை வரைபடத்தில் வளைந்தது. கைகள் உயர்ந்தன. ஜீவிதா எழுதிக்கொண்டார்.

சூர்யநாராயணனின் கைபேசி துடித்தது. காலனி வாட்ஸ்அப் குழுவில், எந்தக் கூட்டத்துக்கும் வராத கடைசித் தெரு ராஜகோபாலன் எழுதியிருந்தார்: ‘ஊரில் மறுபடி மைக் தொல்லை. செயலாளர் உடனே போலீசில் புகார் கொடுக்கவும்.’

ப்ளூ டிக் விழுந்தது. பதில் போகவில்லை.