படத்தில் இரண்டு மலை

என் வீட்டுக்காரர் தையல்காரர். கடையைச் சாத்தினதும் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். வரைவதெல்லாம் நான் பிறந்த ஊர் ஏரியைத்தான். பார்க்கிறவர்கள் ஆஹா ஓஹோ என்கிறார்கள். எனக்கு மட்டும் உறுத்துகிறது.

படத்தில் ஏரிக்குப் பின்னால் இரண்டு மலை. கரையில் நின்றால் முன்மலை பின்மலையை மறைத்துவிடும், ஒன்றுதான் தெரியும்.

"இதை எங்கே நின்னு பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"கரையிலதான். நம்ம கல்யாணத்தப்போ முதல்தடவையா பார்த்தேன், அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அந்த ஏரியைப் பார்த்தே வளர்ந்த என் காதிலேயே பூ சுற்றுகிறார்! இரண்டு மலையும் தெரிவது எங்கள் வீட்டு மாடியில், அக்கா அறை ஜன்னலிலிருந்து மட்டும்தான். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், அக்காவை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்த கையோடு, அப்பா அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.