வைக்கோல் மூடிய வயலும் பெண் பார்க்க வந்தவர்களும்

வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு நிலம் சொந்தமில்லை. அந்த நிலத்துக்காக வாங்கும் திட்டு மட்டும் சொந்தம். சக கஷ்டஜீவிகளே, உங்களுக்குத் தெரியாததா? நெல் அறுத்த வயலில் வைக்கோலை நறுக்கிப் பரப்பும் மிஷினை வாங்கி எங்கள் ஊர் வேங்கிக்காலில் நிறுத்திய நாளிலிருந்து எனக்கு அந்தச் சொத்து பெருகிவிட்டது.

மாட்டிடம் யார் சொல்வது?

முதல் வாடிக்கையாளர் செங்கம் ரோட்டுப் பக்கத்து ஏழுமலை. கிணற்றில் தண்ணீர் பாதிதான். அடுத்து மக்காச்சோளம் போட வேண்டும். வைக்கோலை மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் வெயிலில் போகாது, கதிர் முற்றும்வரை கிணறு தாங்கும் என்றேன். தலையாட்டினார்.

மிஷினைக் கிளப்பியதும் அவர் மனைவி கஸ்தூரி மாட்டை இழுத்துவந்து முன்னால் நிறுத்தினார். பாதி மாட்டுக்கு, பாதி மண்ணுக்கு என்று ஒருவழியாகப் பஞ்சாயத்து முடிந்தது. அதற்கு முன் அந்த அம்மா என்னைக் காட்டி மாட்டிடம் சொன்னது: "உன் வைக்கோலை இந்த பாய் மண்ணுக்குப் போடறாராம். நீயே கேட்டுக்கோ!"

குடையும் தடியும்

எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயல் ஊருக்கே பொது. யார் மாடு இறங்கி மேய்ந்தாலும் கேட்க முடியாது. ஊர் மாடுகள் கல்யாணப் பந்திக்கு வருவது மாதிரி வந்தன. பரப்பிய வைக்கோலைக் காக்க ஏழுமலை குடையும் தடியுமாக வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வயல்காரர் பைக்கை நிறுத்திக் கேட்டார்: "நெல்லு இருந்தப்பகூட நீ இப்படிக் காவல் காக்கலையே, ஏழுமல!"

தீப்பெட்டி

மகள் ரேவதியைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாக ஆரணிப் பக்கமிருந்து போன். கஸ்தூரி தீப்பெட்டியோடு வயலுக்கு வந்துவிட்டார். வைக்கோலை எரித்து வயலைச் சுத்தமாக வைப்பதுதான் நல்ல குடித்தனம் என்பது அவர் கட்சி. ஏழுமலை தீப்பெட்டியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோபம் என் பக்கம் திரும்பியது: "நறுக்கினீங்க இல்ல, அதே மிஷின்ல திரும்ப ஒட்டிக் குடுங்க பாய்!"

வேன் நின்றது

வெள்ளிக்கிழமை நான் அங்கே சோளம் விதைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி வயலைப் பார்த்தார். வீட்டுக்குப் போனார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பதில் சொல்லாமல் கிளம்பினார்கள். மறுநாள் தரகர் கொண்டுவந்த பதிலை ஏழுமலை என்னிடம் வந்து சொன்னார்: "வயலே இவ்ளோ குப்பைனா வீடு எப்படி இருக்கும்னு கேட்டாராம் பாய்."

கத்திரி வெயில்

சித்திரையில் சுற்றுவட்டாரச் சோளமெல்லாம் இலை சுருண்டது. எல்லாரையும்விடக் கம்மியாகத் தண்ணீர் பாய்ச்சிய ஏழுமலையின் பயிர் பச்சையாக நின்றது. வைக்கோலை விலக்கித் தொட்டால் மண் விரலில் ஒட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதைக் கேள்விப்பட்டு அதே மாப்பிள்ளையின் அப்பா மறுபடி ஏழுமலை வீட்டுக்கு வந்தார்; நானும் அங்கே இருந்தேன். அவர் கிணறும் வற்றுகிறதாம். மிஷினைப் பற்றி விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, ரேவதியின் ஜாதகம் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது என்றார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் டிராக்டரைப் பார்த்தேன். கதவோரம் நின்ற ரேவதி வேண்டாமென்று தலையசைத்தாள். கஸ்தூரி வந்தவருக்கு மோரை நீட்டினார்: "மிஷின் வேணும்னா பாய் நம்பர் தரேன். பொண்ணு வேணும்னா, எங்க வயலு இன்னும் குப்பையாத்தாங்க இருக்கு!"

இப்போதெல்லாம் எந்த வயலில் மிஷினை இறக்கும் முன்பும், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பதோடு, வீட்டில் கல்யாண வயதில் பெண் உண்டா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.