தக்காளி தின்ற மாடுகள்

மாட்டின் வாயில் குழாய் விட்டு வயிற்று நீர் எடுப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள முடியாத வேலை. எந்தத் தீவனம் தின்றால் கறவை மாட்டின் வயிற்றில் எந்த ஜீன் வேலை செய்கிறது என்று ஓர் ஆய்வு. மாரண்டஹள்ளிப் பக்கம் பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு ஒரு மாடு. பாதி மாடுகளுக்குச் சோளத்தட்டும் புல்லும் மட்டும். மீதிக்கு அதோடு மக்காச்சோள மாவும். நாற்பது நாள் வேறெதுவும் வாயில் படக்கூடாது. ஒழுங்காக முடிந்தால் என் ஒப்பந்தம் நீளும்; கெட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். படிவத்தோடு வீடு வீடாக அலைகிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

கேன்

எடுத்த நீரை உடனே உறைய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜீன் வேலை செய்த அடையாளம் அழிந்துவிடும். அதற்காக வண்டியில் திரவ நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு போவேன். சினை ஊசி போடுகிறவர்கள் கொண்டுவருவதும் அதே மாதிரி கேன்தான்.

முதல் நாளே ஒரு பெரியவர் வண்டியை மறித்து, தன் மாடு காலையிலிருந்து சினைக்குக் கத்துகிறது என்றார். நான் ஊசி போடுகிறவள் இல்லை, ஆராய்ச்சிக்கு வந்தவள் என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிங்க மேடம், ஜெர்சி ஊசி இருக்குதா, எச்.எஃப். ஊசி இருக்குதா?"

சுவிட்ச்

சோளத்தட்டுப் பிரிவில் கோவிந்தம்மாவின் மாடு இருந்தது. ஜீன் என்றால் என்ன என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் இருக்கிற மாதிரி மாட்டின் உடம்பிலும் எல்லா சுவிட்சும் இருக்கிறது, அதுதான் ஜீன், எது எரிகிறது, எது அணைகிறது என்பதை உள்ளே போகிற தீவனமும் சேர்ந்து முடிவு செய்கிறது, தீவனத்தை மாற்றினால் அதே மாட்டின் வயிற்றில் வேறு சுவிட்ச் எரியலாம் என்றேன். அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "எங்க மாமியாருக்கு எதைப் போட்டாலும் ஒரே சுவிட்சுதான் மேடம் எரியுது."

டிக்

நாற்பதாம் நாள் கோவிந்தம்மாவின் மாட்டுக்குக் குழாய் விட்டேன். நீர் சிவப்பாக வந்தது. ரத்தமோ என்று பயந்தேன். வடிகட்டிப் பார்த்தால் தக்காளித் தோலும் விதையும். அந்த வாரம் தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை.

"வேறு தீவனம் ஏதாவது போட்டீர்களா?" என்று தினமும் கேட்டிருக்கிறேன். தினமும் "இல்லீங்க" என்றுதான் பதில். நாற்பது டிக்கும் படிவத்தில் இருந்தன. கோபத்தில் படிவத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தீவனம் எங்க மேடம் போட்டோம்? தக்காளி கொட்டுனோம்."

மற்ற வீடுகள்

மற்ற பதினோரு வீட்டிலும் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: மாட்டுக்கு என்ன கொட்டினீர்கள்? எல்லா வீட்டிலும் தக்காளி. ஒரு வீட்டில் கூடவே முட்டைகோசு.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்றும் தோன்றியது. படிவம் சுத்தமாகத்தானே இருக்கிறது. ஆனால் தக்காளி செய்த வேலையை மக்காச்சோளம் செய்ததாக யாரோ எழுதி வைப்பார்கள். அதற்கு மனசு வரவில்லை. ஆய்வை நடத்தும் டாக்டருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு இன்னொரு நாற்பது நாள் தந்தார். போனை வைப்பதற்கு முன் ஒன்று கேட்டார்: "நாப்பது நாளும் டிக் அடிச்சீங்களே, ஒரு நாளாவது தொட்டிய எட்டிப் பாத்தீங்களாம்மா?"

இப்போது மறுபடியும் முதல் நாளிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். தினமும் காலையில் பன்னிரண்டு தொட்டியையும் எட்டிப் பார்க்கிறேன், அதற்கும் முன்னால் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி என்ன விலை என்று பார்த்துக்கொள்கிறேன்.