ஒட்டும் புரதமும் மூன்றாவது கண்ணும்

போன சனிக்கிழமை நாங்கள் மூவரும் செம்பாக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கிளம்பினோம். சாமி கும்பிட அல்ல, ரிசல்ட் வாங்க. மகள் நிலாவுக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து வைத்த கருவியால் கேட்கிறாள், ஓயாமல் பேசுகிறாள். காரணம் தேடி மூவரும் ரத்தம் கொடுத்தபோது டாக்டர் ஒன்று சொன்னார்: காதைக் கெடுக்கும் சில மரபணுக் கோளாறுகள், வளர வளரக் கண்ணையும் இருட்டாக்கும். அன்றிலிருந்து சாயங்காலம் அவள் எதிலாவது தடுக்கினால் ஓடிப்போய் அவள் கண்ணைத்தான் பார்ப்பேன்.

தாம்பரத்தில் 9.20க்குச் செங்கல்பட்டு லோக்கல். டிக்கெட் பத்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும், வலப்பக்கம் உட்காருங்கள். ஸ்டேஷனிலிருந்து பரிசோதனை மையம் மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். டிரைவர் பேச்சுக்காரர்.

"வேலை முடிஞ்சா கோவிலாண்ட போய்ட்டு வாக்கா. நரசிம்மருக்கு மூணாவது கண்ணு கீது. தீபாராதனை அப்போ ஐயரு நெத்தில கீற நாமத்தைத் தூக்கிக் காட்டுவாரு."

கண் என்ற சொல்லே அன்று எனக்கு ஆகவில்லை.

மையத்தில் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். உள்காதில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவற்றின் நுனிகளை ஒரு நூல் கட்டிவைத்திருக்கிறது. சத்தம் வந்து அந்த நூல் இழுபட்டால்தான் நமக்குக் கேட்கும். நூலின் ஒரு பகுதி கேட்ஹெரின்-23 என்ற ஒட்டும் புரதம், அதைச் செய்யும் மரபணு சி.டி.எச்.23. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். ஓர் எழுத்துக்கா இத்தனை பாடு!

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார்.

இல்லவே இல்லை என்றேன்; எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுடையது சர்ச் குடும்பம். கணவர் முரளி திருநீர்மலைப் பக்கம், பெருமாள் கும்பிடுகிற வீடு. எங்கள் கல்யாணத்தின்போது இரண்டு வீட்டிலும் ஒரே வசனம்தான்: அவங்களுக்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆலோசகர் சிரிக்கவில்லை. அதே மாற்றத்தின் ஒவ்வொரு பிரதி எங்கள் இருவரிடமும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து நிலாவிடம் வந்திருக்கின்றன என்றார். மாற்றத்தைச் சுற்றியுள்ள மரபணுப் பகுதியும் இருவரிடமும் ஒத்துப்போவதால், பல தலைமுறைக்கு முன் எங்களுக்கு ஒரே பாட்டன் இருந்திருக்கலாமாம். ஒட்டு இருந்திருக்கிறது, அதுவும் ஒட்டும் புரதத்திலேயே. அந்தப் பாட்டன் எந்த ஊர், என்ன சாமி கும்பிட்டான் என்று இன்னமும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணைப் பற்றி முரளிதான் கேட்டார்.

"இந்த மாற்றத்துல காது மட்டும்தான் சார். கண்ணு இதனால போகாது."

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்படிப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கணவன், மனைவி இருவரும் ரத்தம் கொடுங்கள். சொந்தமா என்று கேட்டால், இல்லை என்று என்னைப்போல் அடித்துச் சொல்லாதீர்கள்; தெரிந்தவரை இல்லை என்று சொல்லுங்கள். கோவிலுக்கும் போவதானால், மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.

நாங்கள் ஓடித்தான் போனோம். குடைவரைச் சன்னதி, உள்ளே மங்கிய வெளிச்சம், முன்னால் நல்ல கூட்டம். அர்ச்சகர் தீபத்தை உயர்த்தி நாமத்தைத் தூக்கினார். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. முரளியின் தோளில் இருந்த நிலா என்னைத் திரும்பிப் பார்த்து விரல்களை நீட்டினாள்.

"அம்மா, மூணு."