சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்த இரவு

அன்று எங்கள் தோணியில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் சாவதற்கு நான் ஒருவனே ஏற்பாடு செய்திருந்தேன். காப்பாற்றியது எங்கள் குலசாமி கருப்பன்.

நான் உசிலம்பட்டிக்காரன், லாரி கிளீனர். எங்கள் கண்மாயில் வருஷத்தில் பாதி நாள் ஆடுதான் மேயும். மழை பொய்த்தது. முதலாளி லாரியை விற்றுவிட்டார். பிழைக்க வழியில்லாமல் தூத்துக்குடிக்குப் போய்ச் சரக்குத் தோணியில் சேர்ந்தேன். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், தை மாதம். முதல் வாரம் வாந்தி எடுத்தேன். இரண்டாம் வாரமே எல்லாம் தெரிந்தவனாகிவிட்டேன்.

அந்த ராத்திரி காவல் என்னுடையது. தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. தேனி ரோட்டில் சிவப்பு தெரிந்தால், முன்னால் போகிற வண்டியின் பின்புறம் என்று அர்த்தம். போகிறவன் போகட்டும் என்று பீடியைப் பற்றவைத்தேன்.

போகிற வண்டி சிறுத்துக்கொண்டே போக வேண்டும். இது பெருத்துக்கொண்டே வந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சையும் முளைத்தது. திருவிழா ஜோடனை போல எனக்கு ஒரே சந்தோஷம்! தூங்கிக்கொண்டிருந்த தண்டேலை எழுப்பினேன். தோணியை நடத்துகிறவர் அவர்தான்; பெயர் சவரிமுத்து.

"அண்ணே, ஒரு கப்பலு அம்புட்டு அழகா வருது, எந்திரிச்சுப் பாருங்க."

"செவப்பா, பச்சையா?"

"ரெண்டுந்தேன்!"

பாய்ந்து எழுந்தார். "ஏலே கூறுகெட்டவனே! செவப்பு அவனுக்கு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். ரெண்டும் தெரிஞ்சா நம்ம மேலேயே வாரான்லே! நம்ம வெளக்கு எங்க?"

எங்கள் விளக்கு அணைந்து கிடந்தது. எண்ணெய் ஊற்ற வேண்டியவன் யார் என்று சொல்ல வேண்டுமா? காற்றும் செத்துக் கிடந்ததால் தோணி நகரவில்லை. கப்பல்காரன் கண்ணில் நாங்கள் வெறும் இருட்டு.

சாக்கை மண்ணெண்ணெயில் முக்கி என் கையில் கொடுத்தார் தண்டேல். "கொளுத்துலே!"

பெட்டியில் மூன்றே குச்சி. மீதியெல்லாம் என் பீடிக்குப் போயிருந்தது. முதல் குச்சி நமுத்து உதிர்ந்தது. 'கருப்பா, ஒரு தேங்கா ஒடைக்கிறேன்.' இரண்டாவது ஒடிந்தது. 'சாமி, சேவல்!' கப்பலின் இரைச்சல் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. அப்புறம் பேரம் பேசவில்லை, அழுதுவிட்டேன். 'அப்பனே, தப்பு எம்மேல. இந்த அஞ்சு பேரயும் விட்ரு.'

மூன்றாவது குச்சி பற்றியது.

சாக்கு தீப்பந்தமாக எரிந்தது. கப்பல் ஊளையிட்டது. பச்சை மெல்ல மறைந்தது.

"செவப்பு மட்டுந்தேன் தெரியுதுண்ணே!"

"திரும்பிட்டாம்லே! பொழைச்சோம்!"

கப்பல் எங்களை ஒதுக்கிப் போனது. அது கிளப்பிய அலையில் எல்லோரும் உருண்டோம். உருண்டபடியே சிரித்தோம்.

அன்றைக்கு விட்ட பீடியை இதுவரை தொடவில்லை. ஒவ்வொரு விளக்கின் அர்த்தத்தையும் அடி வாங்காத குறையாகப் படித்தேன். இன்று நானே ஒரு தோணிக்குத் தண்டேல்!

கேட்காத கிடாவையே கருப்பனுக்கு வெட்டினேன். மாதாவைக் கும்பிடும் சவரிமுத்து அண்ணனும் உசிலம்பட்டிக்கு வந்து, இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "ஏலே, ஒங்க சாமிக்குக் கடலு பழக்கமா?"

"எனக்கே பழக்கமில்லண்ணே. அதேன் அவரும் கூட வந்துருக்காரு."

அன்பர்களே, நல்லவனான பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். தப்பு செய்த கையோடு கூப்பிடுங்கள். எனக்கே வந்தவன், உங்களுக்கு வராமல் இருப்பானா?