நாலடி உயர்ந்த வீடு

அந்த வீட்டை முதன்முதலாகப் பார்த்தபோது, தெருவில் நின்ற என் முழங்கால் உயரத்தில் அதன் ஜன்னல் இருந்தது. வீட்டைக் குள்ளமாக யாரும் கட்டவில்லை. தெருதான் வளர்ந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு அது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலையைப் போட்டுப் போட்டு, வாசலிலிருந்து மூன்று படி கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஐப்பசி பிறந்தால் தண்ணீரும் அதே படி வழியாக இறங்கும்.

தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வார்த்து ஆறிய துண்டைச் சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. பழைய வீடுகளை வாங்கிச் சரிசெய்து விற்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்த வீட்டுக்கு முன் எளாவூரில் ஒன்று, கவரைப்பேட்டையில் ஒன்று என்று இரண்டு வீடுகள் விற்றிருந்தோம். ஒழுகும் தளத்தை அடைத்து, குளியலறை கட்டி, ஒயரிங் மாற்றி, பெயின்ட் அடித்தால் போதுமாக இருந்த வீடுகள் அவை.

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி மெக்கானிக்காக இருக்கும் என் கணவர் இந்த மூன்றாவது வீட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது ஊடு இல்ல, கொளம்" என்றார். "இத்த வாங்கிக்கினு மீன் வளக்கப் போறியா?"

"நீ சும்மா இருயா. செவுத்தப் பாத்துட்டு வரேன்."

வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். திருவள்ளூரில் மகள் வீட்டோடு போய்விட்டவர், அன்று வீட்டைக் காட்ட வந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் இடத்துக்கு மட்டும் விலை பேசி, இடிக்கிற செலவையும் அதில் கழித்திருக்கிறார்கள். நான் கைப்பையிலிருந்து சுத்தியலை எடுத்து ஒவ்வொரு சுவராகத் தட்ட ஆரம்பித்தேன். அவர் என் பின்னாலேயே அறை அறையாக வந்தார். தரையிலிருந்து ஒரு முழம் வரை பூச்சு உப்பிப்போயிருந்தது. அதற்கு மேலே எங்கே தட்டினாலும் கணீர் என்றது.

"செவுரு நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"நான் நின்னு கட்டுனதும்மா. செங்கல்ல ஒரு நாள் பூரா தண்ணில ஊறப் போட்டுத்தான் மேஸ்திரி கையில குடுப்பேன்" என்றார். அந்த வீட்டைப் பற்றி யாரோ நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டு அவருக்கு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். அன்று பேரம் இழுபறியாக இல்லை.

இடிக்கப் போவதில்லை, ஜாக்கி வைத்துத் தூக்கப் போகிறேன் என்று சொன்னதும் தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டில் இருப்பவர் கட்டட கான்ட்ராக்டர். அவர் வீடும் பள்ளத்தில்தான் இருந்தது.

"தங்கச்சி, அதெல்லாம் செல்போன்ல பாக்க நல்லா இருக்கும்" என்றார். "பேஜாரு வேணாம். இடிச்சிட்டுப் புதுசாக் கட்டு."

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு, சென்னையில் அப்படித் தூக்கிய வீடு ஒன்றைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டம்மா உள்ளே கூப்பிட்டு மூலை முடுக்கெல்லாம் காட்டினார்கள். திரும்பி வரும் ரயிலிலேயே, அதைத் தூக்கிய வடநாட்டு ஆட்களுக்குப் போன் செய்தேன்.

ஆடி மாதத்தில் வேலை ஆரம்பித்தது. அந்த மாதம் முழுக்க இரண்டாவது ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் வீட்டு வேலை, மத்தியானத்துக்கு மேல் தொழிற்சாலை. அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சட்டங்களை நுழைத்து, அவற்றின் கீழே வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தினார்கள். நூற்றுக்கு மேல் இருக்கும். அவர்களுடைய மேஸ்திரி விசில் ஊதினால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருக வேண்டும். முதல் விசிலில் வீடு முனகியது. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. ஆனால் தான் பிடிக்கவே இல்லை என்று இன்றும் சாதிக்கிறார்.

ஒன்றரை அடி ஏறியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லெவல் ட்யூபைப் பிடித்து நான்கு மூலைகளையும் பார்த்தேன். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய் அது. கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதும் அதை வைத்துத்தான். மூன்று மூலைகள் சரியாக இருந்தன. வடகிழக்கு மூலை ஒரு நாணயத்தின் தடிமன் அளவு தாழ்ந்திருந்தது.

மேஸ்திரி சென்னையில் பல வருடம் வேலை செய்து தமிழ் கற்றுக்கொண்டவர். "அக்கா, இவ்ளோ சின்ன வித்தியாசம் ஒண்ணும் இல்ல. மேல போனா சரி ஆயிடும்" என்றார்.

"எங்க கம்பெனில இவ்ளோ வித்தியாசம் இருந்தா பீஸைத் திருப்பி அனுப்பிடுவோம். வேலைய நிறுத்துங்க."

ஆட்கள் கைகளைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரி முகத்தைப் பார்த்தார்கள். அவர் என் கணவரைப் பார்த்தார். இவர் மேஸ்திரி பக்கம் பேசிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் இவர் கடப்பாரையோடு பள்ளத்தில் இறங்கி, அந்த மூலையில் ஜாக்கிக்குப் பக்கத்தில் குத்தினார். கடப்பாரை பாதி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"சோத்துக்குள்ள கரண்டி போறா மாதிரி போவுது" என்றார். "கீழ மண்ணே இல்ல."

உடனே பழைய வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எந்த மூலை என்று சொன்னதும், "ஆமாம்மா, ஊடு கட்றதுக்கு முன்ன அங்க ஒரு கக்கூஸ் குழி இருந்துச்சி. மண்ணு கொட்டி மூடினோம். அத்த மறந்தே போயிட்டேன்" என்றார்.

அந்த மூலைக்கு மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்துவிட்டு, குழியைத் தோண்டிச் சுத்தம் செய்து கான்கிரீட் போட்டோம். அது இறுகும் வரை ஒரு ஜாக்கியையும் தொடவில்லை. மறுபடி வேலை தொடங்கிய அன்று மேஸ்திரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ட்யூபைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் ஊதினார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

நாலடி ஏறி, கீழே செங்கல் கட்டி, ஜாக்கிகளை எடுத்த பிறகு சுத்தியலோடு உள்ளே போனேன். பூச்சில் தலைமுடி போல இரண்டு கோடுகள் விழுந்திருந்தன, அவ்வளவுதான். எல்லாச் சுவரையும் தட்டினேன். எங்கேயும் சத்தம் மாறவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மண் நிரப்பித் தரை போட்டு, கழிவு நீர் எதிர்த்து வராதபடி குழாயில் வால்வு வைத்து, சமையலறையைப் புதிதாக்கி, விற்பனைக்கு என்று போர்டு மாட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் வீட்டைப் பிடித்திருக்கிறது என்றார்கள். தூக்கிய வீடு என்று தெரிந்ததும் நழுவினார்கள். ஒருவர் தரையைக் காலால் தட்டி, "ஜாக்கியெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். புரட்டாசி போய் ஐப்பசியும் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு பெண் போன் செய்தாள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவள். கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். புருஷன் தொழிற்பேட்டையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"மழை பேயட்டும்கா, வரேன்."

"மழையிலயா?"

"மழையிலதான் ஊட்டப் பாக்கணும்."

மூன்று நாள் விடாமல் அடித்த மழையில், மூன்றாம் நாள் காலை இருவரும் வந்தார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகியபடி நடந்து வந்து படி ஏறினாள். சமையலறை அலமாரிகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் குனிந்து, தண்ணீர் போகும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு அறையிலும் சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கடைசியில் ஹாலின் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க ஊட்ல மழை வந்தா மொதல்ல அரிசி மூட்டையக் கட்டில் மேல ஏத்துவோம். அப்புறம் புள்ளைங்கள ஏத்துவோம்" என்றாள்.

"இங்க இன்னாத்த ஏத்தறது?" என்றான் அவள் புருஷன்.

"ஒண்ணும் ஏத்த வேணாம். படுத்துத் தூங்கலாம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இது எங்களுக்குத்தான்கா. வேற யாருக்கும் காட்டாத."

அவர்களை வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு கான்ட்ராக்டர் பக்கெட்டால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, அந்த ஆளுங்க நம்பரு வெச்சிருக்கியா?"

"இருக்குதுண்ணா. ஆனா ட்யூப நான்தான் புடிப்பேன்."

"நீயே புடிம்மா" என்றார்.

பத்திரப் பதிவு அன்று, பத்திரம் எழுதுபவர் என்னைக் கேட்காமலேயே தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று அடித்து வைத்திருந்தார். முந்தைய பத்திரங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. நான் கவனித்தும் விட்டிருந்தேன். இந்த முறை விடவில்லை.

"அத்த மாத்துங்க."

"கம்பெனி வேலைன்னு போடட்டுமா?"

"அதுவும் போடுங்க. கூடவே, பழைய ஊட்ட வாங்கிச் சரிபண்ணி விக்கறதுன்னு போடுங்க."

பக்கத்தில் நின்ற என் கணவர், "போடுங்க சார், அதுதான் நெசம்" என்றார். எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புதிதாக அடித்துத் தந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவிக்கொத்தை அந்தப் பெண்ணின் கையில் வைத்தேன். இரண்டாவது ஷிப்டுக்கு நேரம் ஆகியிருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. தொழிற்சாலை வாசல் வரை நின்றுகொண்டே போனேன், சிரிப்பை அடக்க முடியாமல்.