கிரான்பெரியும் சலக்கடுப்பும்

முதல் எரிச்சல் எனக்கு வந்தது கிரான்பெரித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கழிப்பறைக்குள். அறுவடைக் காலம். இரண்டு காற்சட்டை, அதன்மேல் மழைக்காற்சட்டை, எல்லாவற்றையும் அவிழ்த்துக் குந்தினால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் மிளகாய்த்தூள் பட்டதுபோல எரிந்தது. யாழ்ப்பாணத்தில் இதைச் சலக்கடுப்பு என்போம். சலம் என்றால் எங்களுக்குச் சிறுநீர். வைத்தியர்கள் இதைச் சிறுநீர்ப்பாதைத் தொற்று (சிறுநீர் வெளியேறும் வழியில் கிருமி பிடிப்பது) என்கிறார்கள்.

வாசிக்கிற உங்களில் பலருக்கு அந்த எரிச்சல் தெரியும். தெரியும் என்பதை ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் ஆறுதல் சொல்லும் மனநிலையில் நான் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருக்கிற பியர்பொன்ட்ஸில் இருந்து விடியற்காலையில் ஒரு வான் வண்டி எங்களை ஏற்றிக்கொண்டு போகும். எல்லாரும் தமிழ்ப் பெண்கள். கிரான்பெரி தண்ணீருக்குள் விளைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விளம்பரப் படங்கள் செய்த வேலை அது. உண்மையில் மணல் பரப்பிய தாழ்வான பாத்திகளில் தரையோடு படர்கிற கொடி அது. நட்ட கொடி காய்க்கச் சில வருடங்கள் பிடிக்கும். பழம் சிவந்த பிறகுதான் பாத்திக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இயந்திரம் கொடியை உலுப்ப, உள்ளே காற்று இருப்பதால் பழமெல்லாம் மிதந்து மேலே வரும். ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை ஒரு பக்கமாக ஒதுக்குவார்கள். பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

எங்கள் வேலை கொட்டகைக்குள். ஓடுகிற பட்டியில் வரும் பழங்களில் அழுகல், இலை, குச்சி பொறுக்குவது. பட்டி நிற்காது. வெளியே போவதென்றால் கையை உயர்த்த வேண்டும். மேற்பார்வையாளர் வேறொருத்தியைக் கூப்பிட்டு உங்கள் இடத்தில் விடுவார், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவாள். கழிப்பறையும் ஆண்களுக்கும் எங்களுக்கும் பொது, அவர்கள் நின்று புகைக்கிற இடத்துக்குப் பக்கத்தில். ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். குடிக்காமல் போவது. காலையில் தேநீரும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதைக் கெட்டித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டோம்.

பழம் அடைக்கிற பெட்டியில் பிரெஞ்சில் எழுதியிருந்ததை, வானில் என் பக்கத்தில் இருந்து வருகிற மாலா அக்கா ஒருநாள் வாசித்துச் சொன்னார். சிறுநீர்ப்பைக்கு நல்லதாம். சலத்தை அடக்கிக்கொண்டு நின்று அந்தப் பெட்டிகளை நிரப்பியவர்கள் நாங்கள். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எரிச்சலை மாலா அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"உடம்புச் சூடு பிள்ளை. கிரான்பெரி ஜூஸைக் குடி. எல்லாத்தையும் கழுவிக்கொண்டு போயிடும்."

"டொக்டரிட்டை ஒருக்காக் காட்டட்டோ அக்கா?"

"இதுக்கெல்லாம் டொக்டரே? போய் என்னெண்டு சொல்லுவாய்?"

அக்கா கேட்டது சரியான கேள்வி. கடையில் ஜூஸ் வாங்கினேன். தனிக் கிரான்பெரிச் சாறு வாயில் வைக்க முடியாத புளிப்பும் துவர்ப்பும். நான் வாங்கியது சீனி கொட்டிக் கலந்தது. எனக்கு ஏற்கனவே சீனி வருத்தம் (நீரிழிவு). சீனி கூடினால் கிருமிக்குக் கொண்டாட்டம் என்று பிறகு சொன்னார்கள். காலையில் ஒரு கிளாஸ், வேலையால் வந்து ஒரு கிளாஸ் என்று நான் கிருமிக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

எரிச்சல் போகவில்லை. அடிவயிறு வலிக்கத் தொடங்கியதும் மகன் நிரோஷன் பிடிவாதமாகக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் இங்கே பிறந்தவன். எனக்குப் பிரெஞ்சில் பொன்ஜூர், மெர்சிக்கு மேல் வராது. அவன்தான் என் வாய். அவனுடைய தமிழோ வீட்டுத் தமிழ், சாப்பிடு, குளி, படு என்பதோடு முடிந்துவிடும்.

"அம்மா, என்ன செய்யுது எண்டு கேக்கினம்."

வளர்ந்த ஆண்பிள்ளை. தகப்பன் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். இவனிடம் எந்த வாயால் சொல்வது?

"வயிறு எரியுது எண்டு சொல்லு," என்றேன்.

அவன் சொன்னான். அவன்மேல் பிழையில்லை, சொன்னதைத்தான் சொன்னான். வைத்தியர் இரைப்பை எரிச்சலுக்கு (அமிலம் கூடி நெஞ்சுப் பக்கம் எரிவது) மாத்திரை எழுதித் தந்தார். காரம் குறைக்கச் சொன்னார். நானும் மாத்திரையையும் ஜூஸையும் மாறி மாறிக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பிறகு ஒருநாள் கொட்டகைக்குள் நிற்கும்போதே நடுக்கம் பிடித்தது. பல் அடித்துக்கொண்டது. இடது பக்க முதுகுக்குள் யாரோ உளியால் குத்துவதுபோல இருந்தது. நிரோஷன் வந்து ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அங்கே இருந்த பெண் வைத்தியர் என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். இளம் பெண்ணின் குரல், சென்னைத் தமிழ். முன்பின் தெரியாத குரல் என்பதே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"எனக்குச் சலம் போகேக்க கடுக்குது பிள்ளை."

"சளியாம்மா? இருமல் இருக்கா?"

இத்தனை நாள் மென்று விழுங்கிய சொல்லைக் கடைசியில் துப்பினால், அது சளியாகப் போய் விழுந்திருக்கிறது! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"சளியில்லை பிள்ளை, சலம்! கீழால போறது! ஒண்டுக்கு!"

"ஐயோ, யூரினாம்மா? சாரிம்மா, சாரி."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கிருமி சிறுநீர்ப்பையில் இருந்து சிறுநீரகத்துக்கு ஏறி, அங்கே சீழ்க்கட்டி வைத்து, இரத்தத்திலும் கலந்துவிட்டது. செப்சிஸ் (கிருமியை எதிர்க்கப்போய் உடம்பு தன்னையே குலைத்துக்கொள்வது) என்றார்கள். நரம்பு வழியாக அன்டிபயோட்டிக், முதுகுப் பக்கம் சீழ் வடிக்க ஒரு குழாய். என் சலம் எல்லாரும் பார்க்கக் கட்டிலில் ஒரு பையில் தொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். அவர்கள் கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கிரான்பெரி ஜூஸ். மேசையில் வரிசையாகப் போத்தல்கள்.

வைத்தியரிடம், அதே தொலைபேசிப் பெண் மூலம், ஜூஸைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பத் தொற்று வருகிற சில பெண்களுக்கு அது வராமல் தடுக்கக் கொஞ்சம் உதவலாம் என்றார். வந்து குடியேறிய கிருமியை அது ஒன்றும் செய்யாது. அதற்கு மருந்து வேண்டும், உடனே வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைப் பெட்டியில் எழுத இடமில்லையாக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நிரோஷன் கேட்டான்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"சொன்னால் உனக்கு விளங்கியிருக்குமோ? சலம் எண்டால் என்ன, சொல்லு பாப்பம்."

அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு முன்னால் அந்தச் சொல்லை நான் ஒருநாளும் சொன்னதில்லை, பிறகு எப்படித் தெரியும்? இருந்து விளக்கினேன். அவனுடைய காது சிவந்தது. எனக்குக் கூச்சம் வரவில்லை. குழாயும் பையும் அதைத் தின்றுவிட்டன.

அண்மையில் மறுபரிசோதனைக்குப் போனோம். இடது சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. போனது திரும்பாது, வலதைக் காப்பாற்றுவோம் என்றார் வைத்தியர். தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கவே கூடாது. வெளியே வந்து காரில் ஏறினோம். நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன.

"தம்பி, எனக்குச் சலம் வருது. எங்கையாவது நிப்பாட்டு."

"இன்னும் பத்து நிமிசந்தான் அம்மா, வீட்டை போயிடலாம்."

"நிப்பாட்டு."

முன்பென்றால் பத்து நிமிடம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பகல் முழுவதும் அடக்கியவள் நான். அப்படி அடக்கிய நேரமெல்லாம் எனக்குள்ளேயேதான் கிடந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. இனி அடக்கிவைக்க உள்ளே இடமில்லை.

அடுத்த வெளியேறும் பாதையில் இறங்கி தெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை ஒன்றின் வாசலில் நிறுத்தினான். கழிப்பறை ஊழியர்களுக்கு மட்டும் என்றாள் கல்லாவில் நின்ற பெண். காசு கொடுக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிரோஷன் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தான். பிறகு பிரெஞ்சில், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். பிப்பி, அதாவது சலம், அந்தச் சொல் எனக்கு விளங்கியது. ரெயின், அதாவது சிறுநீரகம், அதுவும் விளங்கியது. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகிய சொல். அந்தப் பெண் சாவியை எடுத்து நீட்டினாள்.

உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஆறுதலாக இருந்தேன். வெளியே யாரோ தட்டினார்கள். பிறகும் தட்டினார்கள்.

"இருங்கோ!" என்றேன், தமிழிலேயே.